மேசா ஆர்ச் சூரியோதயம்: கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ என்ற மேட்டுப் பகுதியில், செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே நிற்கிறது மேசா ஆர்ச் என்னும் மணற்கல் வளைவு. விடியலில் அதன் அடிப்புறம் செக்கச்செவேலென்று ஒளிரும் படத்தைக் காலண்டரில் எங்காவது பார்த்திருப்பீர்கள். சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது. பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் இங்கே விசேஷம். கீழே உள்ள குறிப்புகளில் பாதி, அந்த வெளிச்சத்தைத் தவறவிடாமல் இருப்பதற்கானவை.

1. முதலில், அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வளைவுக்கு நேர் கீழே பல நூறு அடி ஆழத்துக்குப் பாறைச்சுவர் இறங்குகிறது. சூரியன் அடிவானத்தைத் தாண்டியதும் அந்தச் சுவரில் வெயில் நேராக விழும். சிவந்த மணற்கல் அதை மேல்நோக்கித் திருப்பிவிட, வளைவின் அடிவயிறு ஆரஞ்சாக ஒளிர்கிறது. எனவே சூரியன் வருவதற்கு முன்பு இந்த நிறம் கிடையாது. வந்த நொடியிலும் முழுசாக வந்துவிடாது. சுவரில் வெயில் ஏற ஏறத்தான் நிறம் பிடிக்கும். பிடித்தபின் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்யும். சூரியன் எட்டிப் பார்த்ததும் நாலு படம் தட்டிவிட்டு முக்காலியை மடிக்கிறவர்கள் அங்கே நிறைய. அவர்கள் விட்டுப்போகும் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள்.

2. கிழக்கு வானத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேலே மேகம் இருந்தால் நல்லதுதான், படத்துக்கு அழகு கூடும். அடிவானத்தில் கனத்த மேகம் படுத்திருந்தால் சுவரில் வெயில் விழாது, ஒளிர்வும் வராது. வானிலை முன்னறிவிப்பில் ‘பகுதி மேகமூட்டம்’ என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், மேகம் எந்தத் திசையில் இருக்கும் என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். கைவசம் இரண்டு காலைப்பொழுதுகள் இருக்கிற மாதிரி தங்குவது இன்னும் உத்தமம்.

3. நேரக் கணக்கு. ஜூன் மாதத்தில் காலை 6 மணிக்குச் சற்று முன்பே சூரியோதயம். டிசம்பர் கடைசியில் 7.30 மணிக்கு மேல். பக்கத்து ஊரான மோவாபிலிருந்து 191ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், 313ஆம் சாலையில் திரும்பினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் கார் நிறுத்துமிடம் சின்னது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டம் அதிகம், அப்போது சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது அங்கே இருக்க வேண்டும். முன்வரிசைதான் வேண்டும் என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் குளிர்காலத்து வாரநாள் நல்லது.

4. அரிசோனாவிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். கோடையில் யூட்டா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது; அரிசோனாவின் பெரும்பகுதி அப்படிச் செய்வதில்லை. கைபேசி தானே மாறிக்கொள்ளும். காரில் உள்ள கடிகாரம், கைக்கடிகாரம், முக்கியமாகக் கேமராவின் கடிகாரம் ஆகியவற்றை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

5. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க்கும் கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. முந்தின நாள் மாலையே மோவாபில் டேங்கை நிரப்பிவிடுங்கள். தண்ணீரும் ஃபிளாஸ்க்கில் காபியும் கையோடு இருக்கட்டும். கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன் சாலையில் மான்கள் குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள்.

6. பாலைவனம் என்றதும் வெயில்தான் நினைவுக்கு வரும். இந்த இடமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் விடியற்காலை உறைநிலைக்குக் கீழே போகும், பாதையில் பனிக்கட்டி வழுக்கும். அடுக்கடுக்காக உடை போட்டுக்கொள்ளுங்கள். விரல் நுனி திறந்திருக்கும் கையுறை கேமரா பொத்தான்களை அழுத்த வசதி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். உபரி பேட்டரியைக் கேமரா பையில் வைக்காமல், சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். இறங்கிவிட்ட பேட்டரியையும் அங்கேயே போட்டுச் சூடேற்றினால் இன்னும் சில படங்களுக்கு உதவும்.

7. கார் நிறுத்துமிடத்திலிருந்து வளைவுவரை நடை கொஞ்சம்தான். போய்வர மொத்தமே ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். தலையில் மாட்டும் டார்ச் போதும். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். ஓரத்தில் கறுப்பாக, சொரசொரப்பாகத் தெரியும் மண் உயிருள்ளது: சயனோபாக்டீரியா, பாசி, பூஞ்சை எல்லாம் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் மேலோடு அது. மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். முக்காலியையும் வெறும் பாறைமேல் மட்டும் நிறுத்துங்கள்.

8. முக்காலியின் உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மிகவும் தாழ்த்தினால் முன்னால் உள்ள பாறைத் திட்டு பள்ளத்தாக்கை மறைத்துவிடும், வளைவுக்குள் வெறும் வானம்தான் தெரியும். மிகவும் உயர்த்தினால் வளைவின் மேல்விளிம்பு தூரத்து மலையை வெட்டும். வளைவின் அடிப்புறமும், அதன் வழியே தெரியும் பாறைத் தூண்களும், அவற்றுக்குப் பின்னால் லா சால் மலைத்தொடரும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகத் தெரியும் உயரத்தைத் தேடிப் பிடியுங்கள். இருட்டில் இது கண்ணுக்குப் பிடிபடாது. ஐ.எஸ்.ஓ.வை ஏகத்துக்கு உயர்த்தி ஒரு சோதனைப் படம் எடுத்தால் பிடிபட்டுவிடும். மலையுச்சிகள் சில நாட்களில் சூரியனை மறைத்துச் சில நிமிடம் தாமதப்படுத்தும், பதற வேண்டாம்.

9. ஃபோகஸை வெளிச்சம் வருவதற்கு முன்பே பூட்டிவிடுங்கள். முழுச்சட்டகக் கேமராவில் 16 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 11 என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தாலே அரை மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவாக இருக்கும். பிறகு தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். அகன்ற லென்ஸ் ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். 70–200 ஜூம் இருந்தால் கொண்டுபோங்கள். குனிந்து துணி துவைக்கும் பெண்ணைப்போல் இருக்கும் ‘வாஷர் வுமன்’ பாறையை வளைவுக்குள் தனியாகப் பிடிக்கலாம். எல்லோரும் எடுக்கும் அந்த ஒரே படத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

10. எக்ஸ்போஷர். சூரியனும் நிழற்பாறையும் ஒரே படத்தில் வரும்போது எந்தக் கேமராவும் இரண்டையும் சேர்த்துச் சமாளிக்காது. ஐ.எஸ்.ஓ. 100, ரா ஃபைல், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்து, வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கும்போது நிழலை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். வளைவின் வெளிப்புறம் இருட்டாக இருந்தால்தான் அடிப்புறத்தின் ஒளி எடுபடும். இன்றைக்கு இணையத்தில் பார்க்கும் பாதிப் படங்களில் இந்த விகிதமே இல்லை, பாறை முழுக்கத் தக்காளி நிறத்தில் இருக்கிறது.

11. ஒயிட் பேலன்ஸை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். படம் முழுக்க ஆரஞ்சு நிறைந்திருப்பதைக் கேமரா ஒரு குறையாக எடுத்துக்கொண்டு நீலத்தைச் சேர்த்துவிடும். ‘டேலைட்’டில், அதாவது 5,200 கெல்வின் பக்கத்தில், வைத்தால் கண்ணால் பார்த்த நிறத்துக்கு நெருங்கி வரும்.

12. சூரியனை நட்சத்திரமாக்க விரும்பினால் எஃப் 16 வையுங்கள். சூரியன் முழுசாகத் தெரிவதைவிட, அடிவானத்திலோ வளைவின் விளிம்பிலோ பாதி மறைந்திருக்கும்போதுதான் கதிர்கள் கூர்மையாக வரும். லென்ஸில் ஒன்பது பிளேடு இருந்தால் பதினெட்டுக் கதிர். எட்டு என்றால் எட்டேதான். லென்ஸில் ஒரு தூசி இருந்தாலும் இந்த நேரத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். எனவே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, யு.வி. ஃபில்டரையும் கழற்றுங்கள். அப்படியும் ஒளிச் சிதறல் வந்தால், விரலால் சூரியனை மறைத்து இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்க்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் இந்த விளையாட்டில் செலவழிக்காதீர்கள், வந்த வேலை கெட்டுவிடும். வெறும் கண்ணாலோ வியூஃபைண்டர் வழியாகவோ சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

13. கைபேசி மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாகப் போங்கள். அகலக் கோணத்துக்கு மாற்றி, வளைவின் ஒளிரும் அடிப்புறத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். கைபேசிக்காரர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: முக்காலிக் காட்டுக்கு நடுவே கையை மட்டும் நுழைத்து எடுத்துவிடலாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழைப்பது மரியாதை.

14. மரியாதை என்றதும் இன்னொன்று. இருட்டில் யாராவது நீண்ட எக்ஸ்போஷரில் நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் டார்ச் வளைவின்மேல் ஒரு நொடி பட்டாலும் அந்தப் படம் போச்சு. சிவப்பு விளக்குக்கு மாற்றி, தரையைப் பார்த்துப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். டிரோனை எடுத்து வராதீர்கள். 2014 முதல் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் அதைப் பறக்கவிடத் தடை இருக்கிறது. நாயையும் நடைபாதையில் கூட்டிவர முடியாது.

15. வளைவுக்கு அந்தப் பக்கம் தடுப்பு ஏதும் இல்லை, நேராகப் பள்ளம். குழந்தைகளுடன் போனால் ஒருவர் படமெடுக்கட்டும், ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்திருக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முயல வேண்டாம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நகரும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை விட்டுவிடுங்கள். வளைவின்மேல் ஏறி நின்று படமெடுப்பதற்கு அனுமதி இல்லை.

16. குளிர்ந்த கேமராவைச் சூடான காருக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸுக்குள் நீராவி படியும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, மெமரி கார்டையும் பேட்டரியையும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கேமரா அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பையைத் திறக்கலாம். முக்காலியின் கால் இணைப்புகளில் நுண்மணல் புகுந்திருக்கும். அதை மடிக்கும் முன் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, தங்குமிடத்துக்கு வந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெய் போடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.