பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது நெட்வொர்க் அறுந்துபோகிறதா?

மெயில் வரும், யூடியூப் ஓடும். ஆனால் 50 ஜிபி பேக்கப்பைத் தொடங்கினால் நான்கைந்து நிமிடத்தில் லேன் இணைப்பு போய்விடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்ப வரும். இப்படிப் பாரம் ஏறும்போது மட்டும் படுத்துவிடும் நெட்வொர்க் கார்டில் டிரைவர் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். அதே அறிகுறியைக் கேபிளும் சூடும்கூடக் காட்டும். அதனால் வரிசையாகப் பாருங்கள்.

1. கோளாறை வேண்டுமென்றே வரவழையுங்கள். வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தபடி, ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் கொடுங்கள். ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இதற்கு இன்னும் நல்லது. டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் சோதிக்கும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பிறகு இதே சோதனை. இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது.

2. இணைப்பு போனதும் பிங்கைப் பாருங்கள். ரவுட்டர் பதில் தருகிறது, இணையம் மட்டும் இல்லை என்றால் கார்டின் மேல் பழி இல்லை. ரவுட்டரே பதில் தரவில்லை, ஆனால் வீட்டில் மற்ற கருவிகளுக்கு நெட் வருகிறது என்றால் கம்ப்யூட்டர் பக்கம்தான் கோளாறு.

3. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரவுட்டரிலும் வேறு போர்ட்டில் செருகுங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 4 போதும். எனவே லிங்க் ஸ்பீட் 1 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து 100-க்கு இறங்கியிருந்தால், ஏதோ ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம்.

4. விண்டோஸில் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் இணைப்பு அறுந்த நேரத்துப் பதிவைப் படியுங்கள். லினக்ஸ் லாகில் 'நெட்டெவ் வாட்ச்டாக்', 'டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்' என்று இருந்தால், அனுப்பச் சொன்ன பேக்கெட்டுகளைக் கார்டு உரிய நேரத்தில் அனுப்பி முடிக்கவில்லை என்று பொருள்.

5. மின்சேமிப்பை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்', 'கிரீன் ஈதர்நெட்' இருந்தால் அவற்றையும் டிசேபிள் செய்யுங்கள்.

6. அதே பக்கத்தில் 'லார்ஜ் சென்ட் ஆஃப்லோட்' இருக்கும். பெரிய தரவைச் சிறு பேக்கெட்டுகளாக நறுக்கும் வேலையைச் சிபியுவிடமிருந்து வாங்கிக் கார்டிடம் கொடுப்பது இது. சில சிப்புகள் பாரம் கூடும்போது இதில்தான் திணறும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் நிறுத்துங்கள். சிபியுவுக்குக் கொஞ்சம் வேலை கூடும், அவ்வளவுதான். லினக்ஸில் ஈத்டூல் மூலம் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் ஆஃப் செய்யலாம். ரீஸ்டார்ட் ஆனால் இது பழையபடி மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

7. 'ரிசீவ் பஃபர்ஸ்' எண்ணைக் கூட்டினால், வேகமாக வந்து குவியும் பேக்கெட்டுகள் தவறுவது குறையும். கார்டே உறைந்துபோவதற்கு இது மருந்தல்ல.

8. டிரைவரை மாற்றும் முன், புது டிரைவரை லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையதை நீக்கிவிட்டால் டவுன்லோட் செய்ய நெட் இருக்காது! அப்டேட்டுக்குப் பிறகே தொல்லை தொடங்கியது என்றால் 'ரோல் பேக் டிரைவர்' போதும். லினக்ஸில் ரியல்டெக் 8168 வகைச் சிப்புகளுக்குக் கெர்னலோடு வரும் ஆர்8169, நிறுவனம் தரும் ஆர்8168 என இரண்டு டிரைவர்கள் உண்டு. ஒன்று படுத்தினால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

9. யூஎஸ்பி லேன் அடாப்டராக இருந்தால், காப்பி நடக்கும்போது தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் காற்றுப் படும்படி வையுங்கள். ஹப் வழியாக இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள்.

10. எதற்கும் மசியவில்லையா? கார்டைக் கழற்ற முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் சோதியுங்கள். அங்கும் அறுந்தால் கார்டே பழுது, மாற்றிவிடுங்கள். அதுவரை வேலை நிற்காமலிருக்க, 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' அமைப்பில் 100 எம்பிபிஎஸ் வையுங்கள். கிகாபிட்டில் எட்டு நிமிடத்தில் முடியும் 50 ஜிபி காப்பிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆனாலும் பாரம் குறைவதால் நடுவில் அறுபடாமல் முடிய வாய்ப்பு அதிகம்.