அந்த 20 ரூபாய்ப் பத்திரம் விவாகரத்து ஆகுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக வேலை பார்க்கிறேன். 2011-ல் கல்யாணம். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். 2017-ல் ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசி எங்களை அத்துவிட்டார்கள். 20 ரூபாய்ப் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருடமே அவர் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டார். நான் 2020 முதல், மனைவியை இழந்த ஒருவருடன் வாடகை வீட்டில் வாழ்கிறேன். எங்களுக்கு மூன்று வயதில் பெண் குழந்தை. முதல் கணவருக்குப் பிறந்த மகனும் என்னிடம்தான். கோயிலில் தாலி கட்டிக்கொள்ளலாம் என்கிறார் இவர். அதைக் கேள்விப்பட்ட கணவர், "ரெண்டு பேரையும் உள்ளே தள்ளுவேன்" என்று போனில் மிரட்டுகிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முதல் வேலையாகக் கோயில் யோசனையைத் தள்ளி வையுங்கள். சட்டப்படி நீங்கள் இன்னும் உங்கள் கணவரின் மனைவிதான்.

இப்படிப்பட்ட பத்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். "இனி ஒருவர் மேல் ஒருவர் எந்த உரிமையும் கோரமாட்டோம்" என்று எழுதியிருக்கும். கீழே ஐந்தாறு கையெழுத்து, ஒரு கைநாட்டு, சிலதில் நோட்டரி முத்திரைகூட. இத்தனை இருந்தும் அது விவாகரத்து ஆகாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். வழக்கப்படியான மணமுறிவை அந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, விடாமல் இருந்துவருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அதை நம்பிக் காரியத்தில் இறங்க வேண்டாம்.

விவாகரத்தை ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. சட்டம்தான் பின்னால் வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரியும் 13-பி பிரிவே 1976-ல்தான் சேர்க்கப்பட்டது.

இப்போது தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவின்படி அது குற்றமும் ஆகும், 7 ஆண்டு வரை சிறை. உங்கள் கணவர் அந்தக் குற்றத்தை 2018-லேயே செய்துவிட்டார் என்பதை அவர் மறந்திருக்கலாம், நீங்கள் மறக்காதீர்கள்.

தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்வது குற்றமா? இல்லை. வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்பதை நடிகை குஷ்பு வழக்கில் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவும் 2018-ல் ரத்தாகிவிட்டது. பிறர் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வது என்ற பிரிவு மட்டும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அது உங்கள் மேல் பாயாது, உங்களுடன் வாழும் இவர் மேல் ஏவிப் பார்க்கலாம். ஆனால் 2017-லேயே ஊரறிய எழுதிக் கொடுத்துவிட்டு, மறுவருடம் வேறொருத்தியுடன் குடித்தனம் போனவர் இதைச் சொல்லிக்கொண்டு வந்தால், அவர் கையெழுத்துப் போட்ட அந்த 20 ரூபாய்ப் பத்திரமே அவருக்கு எதிராகப் பேசும். விவாகரத்தாக உதவாத தாள், சாட்சியமாக உதவும்.

என் கவலை போலீஸைப் பற்றியதல்ல. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தாலி கட்டாமல் வாழும் பெண்ணுக்கும் வீட்டில் குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம் எல்லாம் தருகிறது. ஆனால் அந்த உறவு 'திருமணத்தைப் போன்ற உறவாக' இருக்க வேண்டும். எது அப்படிப்பட்ட உறவு என்பதற்கு உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்ததே நம் பக்கத்து வழக்கில்தான். கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றம் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்ன வழக்கு அது, 2010 அக்டோபரில் தீர்ப்பானது. கணவன் மனைவி போல ஊரறிய வாழ்ந்திருக்க வேண்டும், கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன நீதிமன்றம், இருவருமே சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நீங்கள் இடறுவது அந்த இடத்தில்தான். நாளைக்கு இவருக்கு ஒன்று என்றால், இவருடைய உறவினர் உங்களை வீட்டை விட்டு வெளியேற்றினாலும் உங்கள் வாதம் பலவீனமாகவே நிற்கும்.

மகள் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு பெண்ணின் திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தைக்குக் கணவரே தந்தை என்றுதான் சாட்சியச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். ஆகவே பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, நீங்கள் தனித்து வாழ்ந்ததைக் காட்டும் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இவர் தன் சுயசம்பாத்தியத்துக்கு மகள் பெயரில் ஓர் உயில் எழுதட்டும். இரண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

இதற்கெல்லாம் வழி, இருவரும் சம்மதித்துப் போடும் 13-பி மனுதான். கணவர் உங்களைக் கைவிட்டார் என்று தனியாக வழக்குப் போட்டால், "சம்மதித்துத்தானே பிரிந்தோம், பத்திரம் இருக்கிறதே" என்பார். நீங்கள் இன்னொருவருடன் வாழ்வதையும் இழுப்பார். இழுத்தடிக்கும். பேரம் பேச உங்கள் கையிலும் துருப்பு இருக்கிறது: அவருடைய இரண்டாவது கல்யாணமும் செல்லாதது. தீர்ப்பு உங்களைவிட அவருக்குத்தான் அவசரம். நம்பிக்கையான ஒருவரை வைத்து இதை நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் போனில் சண்டை போட வேண்டாம்.

ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்தவர்கள் இந்த மனுவைப் போடலாம். மனைவி வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை, உங்களைப் போல் பல வருடம் பிரிந்தவர்களுக்கு நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் மகனின் படிப்புச் செலவையும் மாத ஜீவனாம்சத்தையும் தெளிவாக எழுத வையுங்கள். பஞ்சாயத்தில் என்ன எழுதியிருந்தாலும் அப்பனிடம் பிள்ளைக்குள்ள உரிமை போகாது. தீர்ப்பு வந்தபின் தாலி கட்டிக்கொண்டு, கையோடு பதிவும் செய்துவிடுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது பத்திரத்தின் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். அசலை எந்த ஊர்ப் பெரியவரிடமும் கொடுக்காதீர்கள்.