டேட்டாபேஸ் மேனுவலும் ஷா ஆலம் முகவரியும்

ஷா ஆலம் தொழிற்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக டேட்டாபேஸ் பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்: "அண்ணே, இந்த மேனுவலை எங்கேருந்து படிக்கிறது?" போஸ்ட்கிரெஸ் மேனுவல் ஒன்றையே அச்செடுத்தால் மூவாயிரம் பக்கத்தை ஒட்டி வரும். அதை யாரும் முதலிலிருந்து படித்ததில்லை, நானும்தான். படிக்க வேண்டாம், புழங்கத் தெரிந்தால் போதும்.

1. எதைத் தேடும் முன்னும் சர்வரின் வெர்ஷனைக் கேளுங்கள். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் 'செலக்ட் வெர்ஷன்()' என்று ஒரு வரி, அவ்வளவுதான். இதைச் செய்யாமல் நான் பட்டது போதும். ஓடிக்கொண்டிருந்த டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டியிருந்தது, டீஃபால்ட் மதிப்போடு. கூகிளில் தேடினேன், மேலே வந்த பக்கத்தைத் திறந்தேன். பழைய வரிசைகளைத் தொடாமல் நொடியில் முடியும் என்று போட்டிருந்தது. அது 2018இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11இலிருந்துதான். எங்கள் சர்வர் 9.6. அதில் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதும், முடிகிற வரை யாரும் அதிலிருந்து ஒரு வரிகூடப் படிக்க முடியாது. இரவு ஷிப்ட், சரக்குச் சீட்டு அச்சாகவில்லை, கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தப் பக்கத்தின் தலையிலேயே 9.6 என்ற இணைப்பும் இருந்தது. அதைத் தொட்டிருந்தால், முழு டேபிளும் மறுபடி எழுதப்படும் என்ற எச்சரிக்கை கண்ணில் பட்டிருக்கும்.

2. இந்த ஊரில் முகவரியில் 15/7 என்று இருந்தால் செக்‌ஷன் 15 என்று ஆளுக்குப் புரிந்துவிடும், பிறகுதான் தெருவைத் தேடுவோம். மேனுவலையும் அப்படிப் பழகுங்கள். போஸ்ட்கிரெஸில் எஸ்க்யூஎல் மொழியை விளக்குவது ஒரு பாகம், சர்வர் பராமரிப்பு ஒரு பாகம், கட்டளைக்கு ஒரு பக்கம் வீதம் இருக்கும் ரெஃபரன்ஸ் இன்னொரு பாகம். 'லாக் என்றால் என்ன' என்பதற்கு ரெஃபரன்ஸுக்குப் போகாதீர்கள், 'இந்தக் கட்டளையை எப்படி எழுதுவது' என்பதற்கு விளக்கப் பாகத்துக்குப் போகாதீர்கள். ஆரக்கிளில் இவை தனித்தனிப் புத்தகங்கள்: கான்செப்ட்ஸ் ஒன்று, எஸ்க்யூஎல் லாங்குவேஜ் ரெஃபரன்ஸ் ஒன்று, பாராமீட்டர்களுக்கும் வியூக்களுக்கும் டேட்டாபேஸ் ரெஃபரன்ஸ், எரர்களுக்குத் தனியாக ஒன்று. ஒன்று மட்டும் கவனம். செக்‌ஷன் 15 என்றைக்கும் செக்‌ஷன் 15தான், மேனுவலில் அத்தியாய எண் வெர்ஷனுக்கு வெர்ஷன் நகரும். தலைப்பைக் குறித்து வையுங்கள், எண்ணை அல்ல.

3. குறியீடுகளை ஒரு மாலையில் பழகிவிடலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம், போட்டாலும் சரி, விட்டாலும் சரி. நெளி அடைப்புக்குள் செங்குத்துக் கோட்டால் பிரிந்திருப்பவற்றில் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். மூன்று புள்ளி என்றால் திரும்பத் திரும்ப வரலாம். ஆரக்கிள் இதைத் தண்டவாளப் படமாகவே போட்டிருக்கும். பத்து தீகாவில் ஏறி ஷா ஆலம், பாடாங் ஜாவா வழியாகக் கிள்ளானுக்குப் போகிற கொமுட்டர் ரயில் மாதிரி இடமிருந்து வலமாக விரலை ஓட்டுங்கள். கட்டத்துக்குள் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும், முட்டை வடிவத்துக்குள் இருப்பதற்கு நீங்கள் வைக்கும் பெயரையோ மதிப்பையோ இட வேண்டும். பின்னால் வளைந்து வரும் தடம் கமா போட்டு மறுபடி எழுதலாம் என்கிறது.

4. போஸ்ட்கிரெஸ் கட்டளைப் பக்கத்தில் 'நோட்ஸ்' என்ற பகுதி பெரும்பாலும் கீழே இருக்கும். மேலே உள்ளதைப் பாதி படித்தாலும் பரவாயில்லை, அதை முழுதாகப் படியுங்கள்.

5. எரரை உங்கள் வார்த்தையில் சொல்லாதீர்கள், எண்ணோடு அப்படியே எடுங்கள். ஒரு தங்கச்சி தமிழ்ப் பெயர்ப் பட்டியலை ஆரக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "பேரு உள்ள போக மாட்டேங்குதுண்ணே, இருபது இடம் விட்டிருக்கேன்" என்றாள். திரையைப் பார்த்தேன். ஓஆர்ஏ-12899, இருப்பது 39, உச்சம் 20. பெயர் சுப்பிரமணியம். கண்ணுக்கு எட்டு எழுத்து. ஆனால் 'சு'வில் ச ஒன்று, உகரக் குறி ஒன்று, 'ப்'பில் புள்ளி தனி. யூனிகோடில் இப்படி எண்ணினால் 13, யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 39. ஆரக்கிளில் வெறும் 20 என்று எழுதினால் அது வழக்கமாகப் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு வேண்டுமானால் 'சார்' என்று சேர்த்து எழுத வேண்டும். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் 20 என்பது எழுத்துக் கணக்கு, அங்கே இதே பெயர் தாராளமாக உட்காரும். அவள் படித்துவிட்டு வந்தது மைஎஸ்க்யூஎல் மேனுவல்.

6. டேபிள் கட்டும் முன் டேட்டா டைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அடையாள அட்டையின் ஐசி நம்பர் பன்னிரண்டு இலக்கம், 'எண்தானே' என்று பிக்இன்ட்டில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004இல் பிறந்த பிள்ளையின் ஐசி 04 என்று தொடங்கும், அந்தச் சுழியம் போய்விடும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை, எழுத்தாகவே வையுங்கள்.

7. வெர்ஷன் ஏற்றும்போது ரிலீஸ் நோட்ஸோடு ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலையும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0இல் 'ரேங்க்' ஒதுக்கப்பட்ட சொல்லானது. நெடுவரிசைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தவர்களின் பழைய குவெரிகள் மறுநாள் காலை படுத்துவிட்டன.

8. சர்வர் அறையில் இன்டர்நெட் இருக்காது. போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்வுக் கோட்டோடு 'எச்' அடித்து, ஒரு இடம் விட்டுக் கட்டளையின் பெயரைத் தந்தால் எழுதும் முறை திரையிலேயே வரும். மைஎஸ்க்யூஎல்லில் 'ஹெல்ப்'. ஆனால் பிஎஸ்க்யூஎல் காட்டுவது உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பிஎஸ்க்யூஎல்லின் வெர்ஷனுக்கு உரியது, சர்வருக்கு உரியது அல்ல. இரண்டும் வேறாக இருந்தால் உள்ளே நுழைந்ததும் முதல் வரியிலேயே இரண்டு எண்ணையும் காட்டும். பெரும்பாலானோர் அந்த வரி ஓடி மறைவதற்குள் அடுத்ததை அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.