பழைய ரயில் பொம்மையும் கொள்முதல் கணக்கும்

மளிகைக் கடைக்காரருக்கும் ரயில் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்க நேர்ந்தபோது, பொழுது போகாமல் கடைத்தெருவைச் சுற்றி வந்தோம். அங்கே பழைய ரயில் பொம்மைகளை வாங்கி, பழுது பார்த்து விற்கும் ஒரு சிறு கடை. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் தனி ஆளாக நடத்துகிறார். மகன் இடையில் இருந்து பேச்சை மாற்றிச் சொல்ல, ஐந்தாறு முறை போய் உட்கார்ந்து பார்த்தோம். பழைய சரக்கில் முடங்கும் பணத்தைப் பற்றி நாற்பது வருட வியாபாரத்தில் நாம் தெரிந்துகொள்ளாத சிலவற்றை அங்கே தெரிந்துகொண்டோம்.

பொம்மை என்கிறோமே தவிர, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்தவர்கள். வீட்டில் ஓர் அறையையே ஒதுக்கி, தண்டவாளம் பதித்து, ஸ்டேஷன், சரக்குக் கிடங்கு, சர்ச், கடைவீதி எல்லாம் குட்டி குட்டியாக அமைத்து ரயில் ஓட்டுகிறார்கள். இந்தச் சரக்கின் பிறப்பிலேயே கடைக்காரருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1900-ல் லயனல் கம்பெனியைத் தொடங்கிய ஜோஷுவா லயனல் கோவன், மின்சாரத்தில் ஓடும் தம் முதல் வண்டியைக் குழந்தைகளுக்காகச் செய்யவில்லை. கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் ஓடவிட்டுத் தெருவில் போகிறவர்களை நிறுத்துவதற்காகச் செய்தார். நின்று பார்த்தவர்கள் கடைச் சரக்கை விட்டுவிட்டு ஓடுகிற வண்டிக்கு விலை கேட்டார்களாம்.

ஜெர்மனியில் இதற்குப் பெயர்போன ஊர் கோப்பிங்கன். 1859-ல் அங்கே தொடங்கிய மார்க்லின் கம்பெனி, முதலில் பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் சாமான்கள் செய்தது. 1891-ல் லைப்சிக் சந்தையில், அளவு நிர்ணயித்த தண்டவாளங்களுடன் பொம்மை ரயிலைக் கொண்டுவந்து வைத்தது. இந்த அளவு நிர்ணயம்தான் பழைய சரக்கு வியாபாரத்துக்கே அஸ்திவாரம். இன்று அதிகம் புழங்கும் எச்.ஓ. என்ற அளவில் அசல் ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். தாத்தா வாங்கிய பெட்டியும் பேரன் வாங்கும் பெட்டியும் ஒரே தண்டவாளத்தில் நிற்கும். ஆனால் நின்றால் ஓடும் என்று அர்த்தம் இல்லை. மார்க்லின் முறையில் மின்சாரம் தண்டவாளத்தின் நடுவிலிருந்து ஏறுகிறது; இருபுறத் தண்டவாளமும் ஒரே இணைப்பு. மற்ற கம்பெனிகளில் இடது தண்டவாளம் ஒரு முனை, வலது மறு முனை. அந்தத் தண்டவாளத்தில் பழைய மார்க்லின் எஞ்சினை வைத்தால் சக்கரத்தின் வழியே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். இது தெரியாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு விதத்தையும் கலந்து வாங்கிவிட்டு, மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டாம்.

சரக்கு வருவது எப்படி என்றால், வீட்டுப் பெரியவர் காலமானதும் பிள்ளைகள் பரணில் இருக்கும் அட்டைப் பெட்டிகளை அப்படியே கொண்டுவந்து இறக்குகிறார்கள். தனித்தனியாக விலை பேசுவதில்லை, மொத்தமாகத்தான். பெரியவர் முதலில் செய்வது ரகம் பிரிப்பது. நாம் பருப்பு மூட்டையைப் பிரித்துச் சல்லடை போடுவது போலத்தான். அப்படியே விற்கக்கூடியது ஒரு பக்கம். கை வைத்தால் தேறும் என்பது ஒரு பக்கம். தேறாது என்பது ஒரு பக்கம். இந்த மூன்றாவதை அவர் எறிவதில்லை. அரிசியில் குருணைக்கும் ஆள் உண்டல்லவா? உடைந்த எஞ்சினிலிருந்து சக்கரம், விளக்கு, கொக்கி, திருகாணி என்று கழற்றிச் சிறு டப்பாக்களில் போட்டு வைக்கிறார். கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட உதிரிக்கு அந்த டப்பாதான் கதி. சில மாதங்களில் முழு எஞ்சினை விட உதிரியில் அதிகம் நிற்கிறது என்றார்.

இனி பழுது பார்க்கும் விதம். ஓடாத எஞ்சின் எல்லாம் கெட்ட எஞ்சின் அல்ல. முப்பது, நாற்பது வருடம் பரணில் கிடந்ததில் உள்ளே விட்ட எண்ணெய் கோந்தாக இறுகியிருக்கும். இங்கேதான் அவசரக்காரர்கள் கெடுக்கிறார்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுத்தால், சுழல முடியாத மோட்டாரில் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். பெரியவர் முதலில் மேல்கூட்டைக் கழற்றுகிறார். சக்கரத்தை விரலால் மெல்ல அசைத்துப் பார்க்கிறார். பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பழைய எண்ணெயைத் துடைக்கிறார். மோட்டாரின் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டரில் சேர்ந்த கரித்தூளை எடுத்து, அதன் இடுக்குகளைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டுகிறார். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுகிறார். அதற்கு ஆகும் செலவு சொற்பம். பிறகு அச்சுமுனைகளில் ஊசிமுனையால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். ஒரு சொட்டுதான்! கம்யூட்டேட்டரில் எண்ணெய் பட்டால் செய்த வேலை வீண். சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். இத்தனையும் முடிந்த பிறகே குறைந்த மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்கிறார். ஒரு எஞ்சினுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

அதற்கு மேல் நேரம் பிடிக்கும் என்றால் உதிரி டப்பாவுக்குப் போய்விடுகிறது. "என் நேரத்துக்கும் விலை உண்டு, அதை நான்தான் போட வேண்டும்" என்றார். நம் கடைகளில் வீட்டு ஆட்கள் புடைத்துக் கொடுக்கும் உழைப்பை எந்தப் பேரேட்டில் எழுதுகிறோம்?

மின்சாரப் பெட்டி விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பு. பழைய நீல நிற டிரான்ஸ்பார்மர்கள் 220 வோல்ட்டுக்குச் செய்தவை. இன்று அங்கே வீடுகளில் வருவது 230. உள்ளே ரப்பர், துணி உறைகள் நொறுங்கியிருக்கும். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அவற்றை ஓட்டுவதற்கென்று அவர் விற்பதில்லை, ஒயரை வெட்டிவிடுகிறார். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டிகள் 120 வோல்ட்டுக்கு உரியவை. நம் ஊருக்கு யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் நேராகச் சொருகிவிட வேண்டாம். பொம்மையோடு வீட்டு ஒயரிங்குக்கும் ஆபத்து.

கட்டடங்களின் கதை வேறு. ஃபாலர் என்ற கம்பெனி 1946-ல் கறுப்புக்காட்டுப் பகுதியில் குட்டன்பாக் என்ற கிராமத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் பாக்மன் கம்பெனி செய்த பிளாஸ்டிக்வில் வீடுகள் பசையே இல்லாமல் பொருத்துபவை. கழற்றிக் கழுவி மறுபடி மாட்டிவிடலாம். ஃபாலர் வகை வீடுகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பழையது வந்தால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கிறார். கொதிநீர் கூடாது, சுவர் கோணிக்கொள்ளும். வெள்ளைப் பசையானால் நீரில் ஊறினாலே விட்டுவிடும். பிளாஸ்டிக் பசையோ இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கியிருக்கும். அதைப் பிரிக்க முயல்வது வீண், மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். அசிட்டோனைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது, வீடே கரைந்துவிடும். மஞ்சளடித்த ஜன்னல் தாள்களை எடுத்துவிட்டுப் புதுத் தெளிவான தாள் ஒட்டுகிறார். உள்ளே விளக்கு வைப்பதானால் சுவரின் உட்புறத்துக்கு முதலில் கறுப்பு வண்ணம். இல்லையேல் சுவர் முழுவதும் லாந்தர் போல ஒளிரும். கடைசியாகத் தண்ணீராகக் கரைத்த கறுப்பும் பழுப்பும் கலந்த வண்ணத்தைப் பூசித் துடைத்தால், செங்கல் இடுக்குகளில் மட்டும் தங்கி, பிளாஸ்டிக் பளபளப்பு மறைந்து அசல் கட்டடம் போல ஆகிவிடுகிறது. இது எமக்கு மிகவும் பிடித்த வேலை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சரக்குக் கிடங்குக்கு நாமே பூசினோம்.

இப்படித் துலக்கினால் விலை ஏறும் சரக்கு உண்டு. துலக்கினால் விலை விழும் சரக்கும் உண்டு. 1970-களில் ஆயிரக்கணக்கில் வந்த சாதாரண எஞ்சின் ஓடினால்தான் விலை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய தகர எஞ்சினோ, கீறலும் மங்கலுமாகக் கம்பெனி வண்ணத்துடனே இருந்தால்தான் விலை. புதுப் பெயின்ட் அடித்தால் போயிற்று. அதன் அட்டைப் பெட்டிக்குத் தனி விலையே உண்டு.

இங்கேதான் நாம் ஏமாந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அரைகுறையாகக் கற்றதை வைத்துக்கொண்டு, போருக்கு முந்திய ஒரு சாவி எஞ்சினை 60 யூரோ கொடுத்து வாங்கினோம். விற்றவர் "நன்றாக ஓடும், எல்லாம் அசல்" என்றார். வீட்டுக்கு வந்து ஓட்டினால் இரண்டாம் சுற்றிலேயே ஒரு சக்கரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. மறுநாள் பெரியவரிடம் காட்டினோம். அவர் பூதக்கண்ணாடியில் மற்ற சக்கரங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் மயிரிழை வெடிப்புகள். துத்தநாகத்தை உருக்கி வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாமல் வருடக்கணக்கில் உள்ளே அரித்து, வீங்கி, வெடித்து, நொறுங்கும். இதைத் துத்தநாகக் கொள்ளைநோய் என்றே ஜெர்மன்காரர்கள் சொல்கிறார்கள். 1920, 30-களின் வார்ப்புகளில் இது மிகுதி. இதற்கு மருந்து கிடையாது. பசையோ பெயின்ட்டோ எதையும் நிறுத்தாது. வெடிப்பு, வீக்கம், மூடாத கதவு, வளைந்த அடிச்சட்டம் ஆகியவற்றைப் பார்த்துத் தவிர்க்க வேண்டியதுதான்.

விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா, நம்மைப் போல அவரும் ஏமாந்து வாங்கியதா, சொல்ல முடியவில்லை.

பெரியவர் விற்கும் ஒவ்வொரு எஞ்சினிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு தொங்கும். பிரஷ் மாற்றியது, கொக்கி வேறு எஞ்சினுடையது, கூரையில் பெயின்ட் தொட்டது, பெட்டி புதிதாக அச்சிட்டது என்று கைப்பட எழுதியிருப்பார். குறை எழுதினால் விலை குறையாதா என்று கேட்டோம். குறையும் என்றார். சீட்டைப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சீட்டு இருப்பதால் பக்கத்து ஊர்ச் சந்தையை விடக் கூடுதல் கொடுத்து இங்கேயே வாங்குகிறவர்களும் உண்டு. இருபது வருடமாக வருகிற ஒருவர் நம் கண் முன்னே சீட்டை மட்டும் படித்து, பெட்டியைத் திறக்காமலே பணம் கொடுத்துச் சென்றார்.

நம் எஞ்சினை அவர் 15 யூரோவுக்கு எடுத்துக்கொண்டார். தகரக் கூடும் வண்ணமும் அசல், சாவி இயக்கமும் நன்றாக இருந்தது. இப்படிப்பட்ட எஞ்சின்களுக்குப் புதுச் சக்கரம் வார்த்துக் கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு முறை எட்டிப் பார்த்தோம். கண்ணாடி அலமாரியில் நின்றது. சீட்டில் "ஆறு சக்கரங்களும் புதியவை" என்று எழுதி, 85 யூரோ போட்டிருந்தார்.