மடிநோய்: முதல் பீச்சிலேயே கண்டுபிடிக்கலாம்

கறவை மாட்டின் மடி வீங்கிச் சூடாக இருந்தால்தான் மடிநோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டெபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் வெளியே எதுவும் தெரியாமலேயே மடிக்குள் தங்கிப் பாலைக் குறைத்துவிடும்.

கறக்கும் முன்: ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். பால் திரிதிரியாகத் தெரிந்தால் கால்நடை மருத்துவரை உடனே அழைப்பது நல்லது. அந்தப் பாலைத் தொழுவத் தரையில் விடக் கூடாது, கிருமி பரவும்.

கறக்கும்போது: ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி பெரும்பாலும் கறப்பவரின் கை, மடி துடைக்கும் துணி வழியாகவே மாட்டுக்கு மாடு தாவுகிறது. எனவே ஒவ்வொரு மாட்டுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, தனித்தனித் துணியால் மடியைத் துடைக்க வேண்டும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கவும். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பில் காயம் படும். முழுக்கையால் கறப்பதே சரி.

கறந்த பின்: காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு தரையில் படுத்தால் துளை வழியே கிருமி உள்ளே புகும். எனவே காம்புகளை, காம்பு நனைப்பதற்கான அயோடின் கரைசலில் நனைத்துவிட்டு, தீவனம் போட்டால் மாடு படுக்காமல் நின்று தின்னும்.

மருந்து: வீக்கம் வற்றியதும் ஊசியைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மீண்டும் கிளம்பும். சிகிச்சையின்போதும், அதன்பின் மருத்துவர் சொல்லும் நாள்வரையும் அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.