ராஞ்சியில் ஒரு நாளைக்கு ஓர் அருவி

ராஞ்சிக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் ரயிலை விட்டு இறங்குவார்கள். ஹூண்ட்ரு, ஜோன்ஹா, தசம், ஹிர்னி, பஞ்ச்காக் என்று அருவிகள் எல்லாவற்றையும் இரண்டே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். வேலை நிமித்தமாக அந்த ஊரில் இருந்த காலத்தில் உறவினர், நண்பர் என்று வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஓர் அருவி போதும். மிச்சப் பொழுதைப் பூங்காவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள்.

'அருவிகளின் நகரம்' என்று பெயர் இருந்தாலும் பெரிய அருவி எதுவும் நகரத்துக்குள் இல்லை. ராஞ்சி, ஏறக்குறைய 2,100 அடி உயரத்தில், சோட்டா நாக்பூர் பீடபூமியின் மேல் இருக்கிறது. ஆறுகள் மேட்டு நிலத்தில் சாதுவாக ஓடி, பீடபூமியின் விளிம்புக்கு வந்ததும் தலைகுப்புற விழுகின்றன. அதனால் அருவிகள் ஊரைச் சுற்றித் திசைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. ஹூண்ட்ருவுக்கு ஓர்மாஞ்சி, சிகிதிரி வழி. ஜோன்ஹாவுக்குப் புருலியா சாலை. தசம் ஜம்ஷெட்பூர் சாலையில். பஞ்ச்காக்கும் ஹிர்னியும் குந்தியைத் தாண்டி. முதல் மூன்றும் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஹிர்னி இன்னும் தூரம். ஆகவே எந்தச் சாலையில் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தச் சாலையில் இருப்பதை மட்டும் பாருங்கள். ஹூண்ட்ரு போகும் நாளில் ஓர்மாஞ்சியில் இருக்கும் பிர்சா உயிரியல் பூங்கா, ஜோன்ஹா போகும் நாளில் பக்கத்திலேயே உள்ள சீதா அருவி, குந்திப் பக்கம் போனால் காலாமாட்டி மான் பூங்கா. இப்படிச் சேர்த்துக்கொண்டால் காரிலேயே பொழுது போகாது.

ஹூண்ட்ருவுக்கும் ஜோன்ஹாவுக்கும் இடையே உள்சாலை இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று டிரைவர்கள் சொல்வார்கள். முடியும்தான். ஆனால் இரண்டிலும் அடிவாரம் வரை இறங்க எழுநூறு படிகளுக்கு மேல். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் சொல்லும். வயதானவர்களோடு போனால் மேலே உள்ள பார்வை மேடையிலிருந்து பார்ப்பதே நிறைவு.

எப்போது போவது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பள்ளி விடுமுறை என்று மே மாதம் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சுவர்ணரேகா ஆறு 98 மீட்டர், அதாவது 320 அடிக்கு மேல், விழுவது ஹூண்ட்ருவில். ஆனால் அதே ஆற்றுத் தண்ணீரை மேலே கேதல்சூத் அணையில் தேக்கி, சிகிதிரி நீர்மின் நிலையத்துக்குத் திருப்புகிறார்கள். கோடையில் அகன்ற கரும்பாறையும் அதன் மேல் மெல்லிய நீர்க்கோடுமே மிஞ்சும். கொட்டும் மழையில் போனாலோ தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும், படியெல்லாம் வழுக்கும். மழை ஓய்ந்தபின், துர்கா பூஜை தொடங்கி நவம்பர் வரை உள்ள நாட்களே சிறந்தவை. நீரும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் தேதியும் அங்கே பிக்னிக் காலம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அருவியின் சத்தமே கேட்காது.

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வழியில் துஸ்கா சாப்பிடலாம். அரிசியும் கடலைப்பருப்பும் அரைத்து எண்ணெயில் பொரித்த வடை மாதிரியான பண்டம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலைக் குழம்பு. மதியச் சாப்பாட்டுக்கு அருவிக்குப் போனதுமே ஏற்பாடு செய்துவிட வேண்டும். படி தொடங்கும் இடத்தில் கிராமத்துப் பெண்கள் நடத்தும் கொட்டகைக் கடைகளில் நாட்டுக்கோழியும் சோறும் சொன்ன பிறகுதான் சமைப்பார்கள். இறங்குவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனால் ஏறி வரும்போது தயாராக இருக்கும். ஜோன்ஹாவில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் ஒரு தீதி (அக்கா), அம்மியில் அரைத்த மசாலாவை வழித்து எடுத்து, கடுகெண்ணெயில் வதக்கி, விறகடுப்பில் குழம்பைக் கொதிக்க விடுவார். சால் இலைகளை மூங்கில் ஈர்க்கால் தைத்த தட்டில் சோறு வரும். தமிழ்நாடு என்றதும், "வேலூரா?" என்று கேட்டார். அவர் குடும்பத்திலும் யாரோ ஒருவர் அங்கே வைத்தியத்துக்கு வந்து போயிருந்தார். ஜார்க்கண்டில் பல வீடுகளில் நம் மாநிலத்தை அறிந்திருப்பது அந்த ஊரின் பெயரால்தான். விலையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பேரம் வேண்டாம். நம்மிடமிருந்து கிடைக்கும் பணம் நேராக அந்த வீட்டுக்குப் போகிறது.

பூங்காக்களுக்கு மாலை நேரம் ஏற்றது. கான்கே அணையருகே ராக் கார்டன். கோண்டா மலைப் பாறைகளைக் கொண்டு அமைத்தது, அணை நீரைப் பார்த்தபடி உட்காரலாம். ஆளுநர் மாளிகைக்கு எதிரே நட்சத்திர வனம்: இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் உரிய மரங்களை நட்டிருக்கிறார்கள். தங்கள் நட்சத்திரத்தின் மரத்தைத் தேடிப் போய்த் தொட்டுப் பார்க்காத விருந்தினர் என்னோடு வந்ததில்லை. மொராபாதியில் இருக்கும் தாகூர் மலையை விடவே கூடாது. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரீந்திரநாத் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1925-இல் மறைந்த இடம் அது. சின்னக் குன்றுதான். சூரியன் சாயும் நேரத்தில் அந்தப் பாறைகளில் உட்கார்ந்தால் நகரம் முழுக்கக் கண்ணுக்குள் வரும்.

பழைய சிறை வளாகத்தில் உள்ள பிர்சா முண்டா நினைவுப் பூங்காவுக்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்து நின்ற பிர்சா, 1900 ஜூன் 9 அன்று, இருபத்துநான்கு வயதில் உயிர்விட்டது அந்தச் சிறையில்தான். அவர் பிறந்த நவம்பர் 15 அன்றுதான், 2000-இல், ஜார்க்கண்ட் மாநிலமே உருவானது. அருவிக்குப் போகும் வழியெல்லாம் நாம் கடக்கும் ஊர்கள் பிர்சாவின் மக்களுடையவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் காடும் ஆறும் வேறு விதமாகத் தெரியும்.

கடைசியாக, தசம் அருவி. காஞ்சி ஆறு 144 அடி விழும் அந்த இடம் எல்லாவற்றையும்விட அழகு. ஆபத்தும் அங்கேதான் அதிகம். குற்றாலத்தில் தலையைக் காட்டிப் பழகிய நமக்கு அருவியைக் கண்டாலே துண்டைத் தேடத் தோன்றும். ராஞ்சியைச் சுற்றியுள்ள பெரிய அருவிகள் பார்ப்பதற்கானவை. பாசி படிந்த பாறை, மேலே மழை பெய்தால் திடீரென ஏறும் வெள்ளம், அடியில் சுழலும் மடு என்று தசத்தில் பறிபோன இளம் உயிர்கள் பல. அங்கே காவலுக்கு நிற்கும் 'பர்யதன் மித்ரா' (சுற்றுலா நண்பர்) இளைஞர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். எந்தப் பாறை வழுக்கும், எங்கே ஆழம் என்று சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்கள். அவர்கள் விசில் ஊதினால் அந்த நொடியே பின்வாங்குங்கள். தயவுசெய்து செல்ஃபிக்காக ஓரடிகூட முன்னே வைக்காதீர்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.