மலை விளிம்பில் ஒரு பாடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்



1990ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் நம்மில் யார்? சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல்ஹாசனுக்கு நான்கு வேடங்கள். கள்ளநோட்டு, ஆள்மாறாட்டம், காதல் எல்லாம் கலந்து ஓடிய கதை, இறுதியில் மலை விளிம்பில் ஒரு வீட்டுக்குள் வந்து நிற்கிறது. பாதி வீடு தரையில், பாதி அந்தரத்தில்! உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ, அந்தப் பக்கம் வீடும் சாய்கிறது. 1925இல் சார்லி சாப்ளின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் காட்டிய காட்சியே இதற்கு முன்னோடி.

இதன் தத்துவம் யாது? ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடித்தளத்துக்குள் விழும்வரை ஒரு பொருள் கவிழாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் நீளம் 6 மீட்டர், நிறை 1,200 கிலோ, வெளியே தொங்குவது 2.5 மீட்டர் என்று கொள்வோம். வீட்டின் மையம் விளிம்புக்கு உள்ளே 0.5 மீட்டரில் இருக்கும். 1,200 × 0.5 = 600. தலைக்கு 60 கிலோ உள்ள நால்வர் தொங்கும் முனையில் நின்றால் 240 × 2.5 = 600. இரண்டும் சமம்! இன்னொருவர் விளிம்பைத் தாண்டி ஓரடி வைத்தால் வீடு கவிழ்ந்துவிடும்.

இவ்வளவு எழுதும் நான், சென்ற பருவச் செய்முறைத் தேர்வில் ‘திருப்புத்திறன் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு விழித்து நின்றவன். சூத்திரம் மனப்பாடம்; பொருள் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் வந்து படிக்கும் எனக்கு, வீட்டில் சந்தேகம் கேட்க ஆளில்லையே என்ற குறை இருந்தது.

ஒருநாள் தொலைக்காட்சியில் இந்தக் காட்சி ஓடியது. முன்பு மாட்டுவண்டியில் மணிலா மூட்டை ஏற்றிய என் அப்பா, “பின்பாரம் ஆயிப்போச்சுடா!” என்றார். விளக்கமும் சொன்னார்: “முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்து நோவும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேல தூக்கும். மூட்டையை இறக்க வேணாம், கொஞ்சம் நகத்தி வச்சா போதும்.”

எடை மாறவில்லை, தூரம் மாறுகிறது. எடை × தூரம்! திருப்புத்திறன் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பள்ளிப் படிப்பை முடிக்காத அப்பா, பெயர் தெரியாமலே அதை நாள்தோறும் கையாண்டிருக்கிறார்.

“அப்படின்னா வெளியே வர்றது எப்படிப்பா?” என்றேன். “தொங்குற பக்கத்து ஆளு மொதல்ல உள்ள வரணும். தரைப் பக்கத்து ஆளு கடைசியா எறங்கணும்” என்றார். கணக்கும் அதையே சொல்கிறது.

வீட்டில் கேட்க ஆளில்லை என்று எண்ணும் நண்பர்களே, ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்!